சத்தமே வராத அஞ்சு சிடி பிளேயர்

இன்று காலை கொடைக்கானல் பஜாரில், ஹனீபா பாயின் எலக்ட்ரிக் கடை கவுண்டரில் நான் போட்ட சண்டை இருக்கிறதே...

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்!

விஷயம் ஒரு சிடி பிளேயர். ஒரே நேரத்தில் ஐந்து சிடி போடலாம். விலை குறைந்த மாடல்தான்.

அப்பாவும் அம்மாவும் இருக்கும் நாயுடுபுரத்தில் மழை வந்தால் நெட் போய்விடும். அப்பாவிடமோ பழைய பாட்டு சிடிகள் ஒரு பெட்டி நிறைய. அதனால் பாய்க்கு போன் செய்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன். (நான் இருப்பது திண்டுக்கல்லில். பாசத்தை இப்படித்தான் அனுப்ப முடிகிறது!)

வாங்கிய நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே புகார்.

"பாப்பா, இதுல சத்தமே இல்ல. கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

பாய் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவதும் அதே கதை!

அப்பா பண்ணைக்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் ஜீப் ஓட்டுகிறார். ஆள், வாழைத்தார், மிளகு மூட்டை எல்லாம் ஏறும். நேற்று வத்தலக்குண்டு வரை வந்து, என்னையும் என் மகளையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தார்.

காலையில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பிளேயரைத் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் ஜீப்பில் கடைக்குப் போய் இறங்கினோம்.

"ஏன் பாய், தெரிஞ்ச ஆளுன்னுதான ஒங்ககிட்ட வாங்குனோம்? ரெண்டு தடவையும் ஓட்ட மிஷினையே தள்ளி விடுவீங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

பாய் பிளக்கைச் சொருகி, ஒரு சிடியைப் போட்டு, வால்யூமைத் திருப்பினார்.

அம்மாடி! கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ரோட்டில் போன டூரிஸ்ட்டுகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா வெற்றிப் பார்வையோடு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொல்லல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பல்பு வாங்க வந்திருந்த ஒருவர் குறுக்கே வந்தார். செண்பகனூரில் பேக்கரி வைத்திருப்பவராம். அவரிடமும் இதே பிளேயர்தான்.

"சார், இதக் கொற சொல்லணும்னா நானே நெறயா சொல்வேன். அஞ்சாவது சிடி சிக்கும். ரிமோட்டு மூஞ்சிக்கு நேரா நீட்டுனாத்தான் வேல செய்யும். ஆனா சத்தம் கம்மின்னு மட்டும் சொல்லாதீங்க. வால்யூம நாலுல வச்சாலே மாடி வீட்டுக்காரரு எறங்கி வந்துருவாரு!"

"அப்ப ஒங்களுக்கு நல்ல மிஷினக் குடுத்துட்டு, எங்களுக்கு ஓட்டயத் தள்ளிட்டாரு" என்றார் அப்பா.

பாய் பாட்டை நிறுத்தினார். வேறு ஒயர் எடுக்க எங்களுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குப் போனவர், அங்கிருந்தே கேட்டார்.

"அண்ணே, டீ சொல்லவா?"

அப்பா பேசவில்லை.

"அண்ணே! டீ!"

அப்பா பிளேயரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபத்தில் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்ன கோபம் இருந்தாலும் டீயை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர்!

மூன்றாவது தடவை பாய் கிட்டத்தட்டக் கத்தினார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது.

போனில் பேசினால் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். வசதிக்கு என்று நினைத்திருந்தேன்.

அவர் தோளைத் தொட்டேன். "அப்பா, பாய் டீ வேணுமான்னு கேக்குறாரு."

"எப்பக் கேட்டாரு?"

பேக்கரிக்காரர் பல்பை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார். பாய் சட்டென்று முன்னால் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மிஷினு எங்கிட்டயே இருக்கட்டும்ணே. கம்பெனிக்கு அனுப்பிப் பாப்போம்."

அப்பா எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல பாய். பெருமாள்மலை வளைவுல பின்னாடி வந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சது எனக்குக் கேக்கல. ஒரசிட்டுப் போயிருச்சு. அதுலருந்து கண்ணாடியப் பாத்துப் பாத்துத்தான் ஓட்டுறேன்."

"ஆளுங்கள ஏத்திக்கிட்டாப்பா?"

தலையை ஆட்டினார்.

நேற்று அந்த ஜீப்பில் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்த மகள் ஞாபகத்துக்கு வந்தாள்.

"மிஷினுதான் சரியில்லன்னு நீங்க யாராவது சொல்லிருவீங்கன்னு பாத்தேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

திட்ட வேண்டும் போல இருந்தது. அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அவரே பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

"ஜீப்பு இங்கயே கெடக்கட்டும் பாய். மத்தியானம் பண்ணைக்காட்டு சவாரி இருக்கு. வேற டிரைவர் யாரையாச்சும் அனுப்பி விடுங்க."

நான் கத்திய கத்தலுக்குப் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடும்மா. மொதல்ல வெரசா டாக்டர்ட்டக் காட்டு."

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"அந்த மிஷினு வந்த நாள்லருந்து, காது அடைக்குது, சத்தத்தக் கொறைங்கன்னு தெனமும் கத்துறேன். எங்க கேட்டாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'கேட்டாரு' என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் உறைத்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாளை வெள்ளனே, விடியும் முன்பே, மதுரைக்குக் கிளம்புகிறோம், காது டாக்டரைப் பார்க்க. பஸ்ஸில்தான்!

காது மெஷின் வைத்துக்கொண்டு மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தக் குரூப்பில் யாராவது இருக்கிறீர்களா? ஹாரன் சத்தம் சரியாகக் கேட்கிறதா?

அப்பா கேட்கச் சொன்னார்.