மூன்று முறை விழுந்தவர்

சால்டரிங் சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. இருபத்தாறு வருடம் ஒரே கம்பெனி, ஒரே மேசை. சட்டையில் எந்நேரமும் ஈயம் உருகிய வாடை. லிஃப்டில் அவர் ஏறினால் சாஃப்ட்வேர்ப் பிள்ளைகள் மரியாதையாக மூக்கைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவர் இருந்த ஹார்டுவேர்ப் பிரிவை இழுத்து மூடிவிடலாம் என்று மேலிடம் போன வருடமே முடிவு கட்டிவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷன். அதை முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"டெவலப்பர் மாநாட்டுல உங்களுக்குப் பத்து நிமிஷம் வாங்கித் தர்றேன் சார். அங்க அது ஓடிச்சுன்னா மேல பேசிப் பார்க்கறேன். ஓடலைன்னா..." என்று இழுத்தவர், மிச்சத்தைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

ஓட வேண்டியது தீப்பெட்டி அளவு கருவி ஒன்று. கழுத்தில் மாட்டிக்கொண்டவர் கீழே விழுந்தால், அது தானாகவே புரிந்துகொண்டு உறவுக்காரர் ஒருவரின் போனை அலறவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குப் பதினோரு மாதம் மாரடித்தார். புரோகிராம் எழுத ஓர் ஆள் கேட்டார், கொடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் தானே உட்கார்ந்து எழுதினார். வீம்பு பிடித்த மனுஷன் என்றார்கள். வீம்பாவது, மண்ணாவது! இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அவருடைய அக்கா, குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கும்வரை கத்திக்கொண்டே கிடந்தாள். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதுதான் விஷயம்.

செய்தது இரண்டு கருவி. ஒன்றை மூன்று வாரம் முன்பே அக்கா கழுத்தில் மாட்டிவிட்டார். மாட்டுவதற்கு முன் அவள் கட்டிலிலேயே லேப்டாப்பை வைத்து, கம்பியைச் செருகி, தலையணைமேல் பலமுறை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் போன் அலறியது. பிறகு கம்பியைப் பிடுங்கி, கருவியை ஒருமுறை அணைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

"இந்த விளக்கு எரியறவரைக்கும், நீ விழுந்தா அடுத்த நிமிஷம் நான் உன் வாசல்ல நிப்பேன்க்கா."

"அப்ப அடிக்கடி விழறேன். அப்பவாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பியே," என்றாள் அக்கா.

மாநாட்டில் அவருக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்கு முந்தின பத்து நிமிஷம். பாதிப் பேர் கண் கதவுமேல் இருக்கும் நேரம். முன்வரிசையில் மேனேஜர், பக்கத்தில் மேலிடத்து அம்மா. மேடையில் ஒரு மெத்தை. மேசைமேல் அவருடைய போன், அதன் படம் பின்னால் சுவர் முழுக்கப் பெரிதாக. கருவியைக் கழுத்தில் மாட்டினார், சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப நான் விழப்போறேன்," என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று விழுந்தார்.

சபை சிரித்தது. நல்ல சிரிப்புதான். போன் கம்மென்று இருந்தது.

எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி விழுந்தார். இந்த முறை பின்வரிசை மட்டும் சிரித்தது. மூன்றாவது முறை முட்டி மெத்தைக்கு வெளியே பட்டு 'டக்'கென்றது. யாருமே சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். மேலிடத்து அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் அங்கேயே முடிந்துபோயிற்று.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, படிக்கட்டோரம் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பெண் வந்தாள். யாரோ, வேறு கம்பெனி.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. லேப்டாப்ல செருகாம, வெறும் பேட்டரியில ஓட்டிப் பார்த்தீங்களா?"

"ஏன்ம்மா, விளக்கு எரிஞ்சுதே!"

"விளக்குக்கு பேட்டரி போதும் சார்."

அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, தான் எழுதிய புரோகிராமைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. மேலேயே இருந்தது அந்த வரி: லேப்டாப் மறுமுனையில் கேட்கத் தொடங்கும்வரை காத்திரு. சோதிக்கும்போது கருவி அனுப்பும் முதல் எண்கள் தவறிப்போகாமல் இருக்கத் தானே போட்டது. பக்கத்தில் தானே எழுதிய குறிப்பு: 'அப்புறம் எடுத்துடணும்.' எடுக்கவில்லை. கம்பி இல்லாவிட்டால், பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு அது பாட்டுக்குக் காத்துக்கிடக்கும்.

"எல்லாரும் செய்யற தப்புதான் சார். நானே ரெண்டு தடவ மாட்டியிருக்கேன்," என்று ஆறுதல் சொன்னாள் அந்தப் பெண்.

அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா கழுத்தில் இருப்பதும் இதே வரிதான். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

"என்னடா, மாநாடு முடிஞ்சுதா? கைதட்டினாங்களா?"

"அக்கா, நடுவுல எங்கயாவது விழுந்தியா?"

"அத எதுக்குடா இப்பக் கேக்கற?"

"சொல்லுக்கா."

"போன செவ்வாய்க்கிழமை. சமையலறையில. காலையில விழுந்தேன், மத்தியானம் மெல்ல எந்திரிச்சுட்டேன். ஒண்ணும் ஒடையல, விடு."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நான் வேற சொல்லணுமாடா? அதுதான் உடனே உனக்குச் சொல்லியிருக்குமே." அவள் குரலில் கோபமே இல்லை. "உனக்கு வேலை இருந்திருக்கும். வர முடியாம இருந்திருக்கும். அதப் போய்க் கேட்டு உன்னச் சங்கடப்படுத்துவானேன்னு விட்டுட்டேன்."

"இல்லக்கா, எனக்கு வரவே இல்ல! சத்தியமா போன் அடிக்கவே இல்லக்கா!"

"சரிடா, சரி," என்றாள் அக்கா, அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரலில். "பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."