கைப்பிடிக்குத் தைத்த உறை

அவளுக்குக் கண்ணை முந்திக்கொண்டு மூக்குதான் பார்க்கும். யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படியிலேயே அது வேலையை ஆரம்பித்துவிடும். செருப்பு அலமாரிக்குள் ஈர சாக்ஸ், தொட்டியின் வடிகாலில் ஊறிய சோற்றுப் பருக்கை, கதவுக்குப் பின்னால் காயாத துடைப்பம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லும். அருவருப்பை மறைக்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு, "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்று அப்படியே கீழே வைத்துவிடுவாள்.

தொழில், உறை தைப்பது. முன்னறையில் தையல் மிஷின். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின், டிவி எதுவானாலும் அளவெடுத்து, உடம்போடு ஒட்டினாற்போல் தைத்துக் கொடுப்பாள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் கை படு சுத்தம். ஓரத்தில் ஒரு பிசிறு தெரிந்தால் மொத்தத் தையலையும் பிரித்துவிட்டு மறுபடி உட்காருவாள். தெருவில் 'கவர் அக்கா' என்றால்தான் அடையாளம் தெரியும்.

அவள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் கேனுக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, ஓரத்தில் லேஸ் தொங்கவிட்ட பூப்போட்ட உறை. பஸ் ஓட்டும் அவள் கணவன் வருகிறவர்களிடம் சொல்வான்: "இங்க ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க. உங்களுக்கும் அளவெடுத்துடுவா."

அம்மா போன பிறகு தங்கையைத் தலைவாரி, நகம் வெட்டி ஆளாக்கியது அவள்தான். அந்தத் தங்கை இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தது. பகலில் அதைப் பக்கத்துத் தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாளிடம் விட்டிருந்தாள்.

ஒருநாள் குழந்தையை அழைத்துவரப் போன அக்கா, அங்கே வாசலைத் தாண்டவில்லை. தரையில் சிந்திய பாலை ஒரு கந்தலால் துடைத்த அந்த அம்மாள், அதே கந்தலை மேஜைமேல் வீசினாள். தொட்டியில் பாத்திரங்கள் மிதந்தன. சுவரில் எண்ணெய்க் கோடு ஒழுகி, அதில் தூசி ஒட்டி, மீசைபோல் நின்றது. குழந்தையை வாரிக்கொண்டு வந்தவள் தங்கையிடம் பொரிந்து தள்ளினாள்.

"அந்த வீட்டுல பல்லிகூட செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நடக்கும். அங்க போய்ப் பிள்ளைய விட்டிருக்கியே, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"அந்தம்மா பாசமா பாத்துக்கறாங்கக்கா."

"பாசத்த வச்சு பாத்திரம் கழுவ முடியுமாடி? நாளையிலேர்ந்து குட்டி இங்கதான்."

குழந்தை வந்த முதல் வாரம் வீடு சிரித்தது. இரண்டாவது வாரம் அதற்கு வயிற்றுப்போக்கு. தேறியது, திரும்பவும் வந்தது. பிறகு வாந்தியும் சேர்ந்துகொண்டது. வாடிய கீரைத்தண்டு மாதிரி தோளில் துவண்டு கிடந்த குழந்தையைத் தங்கை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கோச்சுக்காதே. அந்தம்மா வீட்டுல இருந்தவரைக்கும் இவளுக்கு வயித்துக்கு ஒண்ணும் வந்ததில்ல. திங்கட்கிழமையிலேர்ந்து அங்கேயே விட்டுடறேன்."

அக்காவுக்கு நெஞ்சில் ஊசி குத்தி உள்ளேயே முறிந்தாற்போல் இருந்தது. குழந்தை போகிறதே என்பது ஒன்று. அந்தக் கந்தல் வீட்டைவிட என் வீடு கேவலமா என்பது இன்னொன்று. "திங்கட்கிழமைக்குள்ள என்னன்னு கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் இங்கேயே விடு" என்றாள்.

முதலில் கணவன் மாட்டினான். "ஊரே தொட்ட கம்பியத் தொட்டுட்டு வந்து பிள்ளையத் தூக்கறீங்க!"

"நான் தொடறது ஸ்டீயரிங். கம்பியத் தொடறவர் கண்டக்டர். அவர் வீட்டுல போய்ச் சண்டை போடு" என்றாலும், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

அடுத்து தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். பால் வாங்கும் கடையை மாற்றினாள். பொம்மைகளை அவித்தெடுத்தாள். அதில் ஒரு வாத்துக்கு வாய் கோணிவிட்டது. தரையை அவள் துடைத்த துடைப்பில் குழந்தை வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை மிஷினில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தாள். குழந்தை ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றது. கைப்பிடி உறையிலிருந்து தொங்கிய லேஸை வாயில் வைத்துக் கரும்புபோல் சப்பிக்கொண்டிருந்தது.

எழுந்து போய் லேஸை அதன் வாயிலிருந்து உருவினாள். வெள்ளை லேஸ்தான் தைத்திருந்தாள். இப்போது அது டீ வடிகட்டியின் நிறத்தில் இருந்தது. உறையின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று இழுத்தாள். சொந்த வீட்டு வாடைக்குப் பழகிப்போயிருந்த மூக்கு ஒரு கணம் திகைத்துப் பின்வாங்கியது. மீன் கழுவிய கை, மாவு பிசைந்த கை, பச்சை இறைச்சி நறுக்கிவிட்டு அவசரத்துக்குப் பால் எடுக்கத் திறந்த கை — எல்லாக் கையும் அந்த ஸ்பாஞ்சுக்குள் ஊறிப் புளித்துக் கிடந்தன. அழுத்தினால் விரலில் வழுவழுவென்று ஏதோ வந்தது. கைப்பிடியின் அடியில் கறுப்பாக, மயிர் முளைத்தாற்போல் பூஞ்சணம்.

தைத்து மாட்டிய நாளிலிருந்து அதைத் துவைத்ததே இல்லை. அழுக்குப் படாமல் காக்கத்தானே உறை? காவல்காரனை யார் குளிப்பாட்டுவார்கள்?

உவ்வே என்று தொட்டிக்கு ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மிக்ஸி உறையைத் தூக்கினாள். மடிப்புக்குள் கரப்பான் முட்டைகள், அவள் பித்தான் வரிசை தைப்பதுபோலவே நேர்த்தியாக. தண்ணீர் கேன் உறையின் உள்பக்கம் பாசி. ரிமோட் உறையைப் பிரித்தபோது எறும்புக்கூட்டமே வெளியே வந்தது. கழற்றக் கழற்ற அவள் உடம்பெல்லாம் அரித்தது. கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்து, கைப்பிடி உறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முக்கினாள். வாளியில் சாக்கடை எழுந்தது.

மத்தியானம் வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ன இது, மொத்த வீடும் துணியில்லாம நிக்குது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு வார்த்தை பேசினீங்க, வாளியிலேர்ந்து எடுத்து மூஞ்சில பிழிஞ்சுடுவேன்."

சாயங்காலம் தங்கை வந்தாள். மறைத்துவிடலாம்; பால்காரன்மேல் பழியைப் போட்டால் முடிந்தது. அப்படி ஓர் எண்ணம் வந்ததும் உண்மை. ஆனால் தோளில் குழந்தையின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. துவைக்காமல் பாலித்தீன் பையில் தனியாகக் கட்டி வைத்திருந்த கைப்பிடி உறையை எடுத்து நீட்டினாள்.

"மோந்து பாரு."

தங்கை மோந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயே! என்னக்கா இது, எலி செத்துக் கிடந்துச்சா?"

"நான் தைச்சது. குட்டி இதத்தான் சப்பிக்கிட்டிருந்துச்சு."

தங்கையின் முகம் மெதுவாக மாறியது. "அக்கா... இதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுத்தியே."

தங்கைக்கு மட்டுமா? எதிர்வீடு, மாடிவீடு, மருந்துக்கடை முதலாளி வீடு. தெரு முழுக்க அவள் கைவேலைதான். ஒரே ஒருத்தி மட்டும் வாங்க மறுத்திருந்தாள். "எனக்கெதுக்கு கவர்? பிசுக்கு பட்டா துடைச்சுட்டுப் போறேன்" என்று சொன்னவள், அந்தக் கந்தல் வீட்டு அம்மாள். அவளும் எந்தக் கந்தலால் துடைத்தாளோ.

ஞாயிற்றுக்கிழமை கவர் அக்கா வாளியோடு தெருவில் இறங்கினாள். வீடு வீடாக ஏறி, கைப்பிடி உறைகளைத் தானே பிய்த்தெடுத்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றவர்களின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. மற்ற உறைகளுக்கு ஒரு மாற்று உறை தைத்துத் தருவதாகவும், ஒன்று மாட்டியிருந்தால் ஒன்று வெயிலில் காய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தாள். கைப்பிடிக்கு மட்டும் இனி தைப்பதில்லை.

திங்கட்கிழமை காலை தங்கை குழந்தையோடு வந்தாள். கீழே இறக்கவில்லை. நேராக ஃபிரிட்ஜிடம் போனாள், வெறும் கைப்பிடியை அழுத்திப் பிடித்தாள், விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னடி, என் வீட்டையே மோந்து பாக்கறியா?"

"உங்கிட்ட வளந்தவதானே."

இன்னொரு முறை மோந்து பார்த்தாள். குழந்தையை வாங்க அக்கா கையை நீட்டினாள்.

"முதல்ல கையக் கழுவிட்டு வாங்கு" என்றாள் தங்கை.