பொன்னம்மா ஃபைலில் இல்லை

சுந்தரேசன் சார், நீங்கள் எழுதியது பொய்.

போன மாத இதழில், "கொட்டச்சேடு எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தோம், ஒரு குறையும் வரவில்லை" என்று பெருமையடித்திருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்கள் சேலம் கம்பெனியில் நான் புரோகிராமர். வந்த குறையைச் சரிசெய்யப் போனவன் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

வேலையாட்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில் வெளியாட்கள் குடியிருப்பதாகப் புது மேனேஜருக்குச் சந்தேகம். அதற்காக நீங்கள் டிபேஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினீர்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கொடுத்த வீட்டுப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, அது வேலையாட்கள் ஃபைலில் தேடும். கிடைக்காதவர் வெளியாள். பதினேழு பேர் கிடைக்கவில்லை. மாலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

நான் ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஆபீஸ் வாசலில் ஒரு அம்மாள் சட்டி பானை, பாயோடு மழையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சாமி, இருவது வருசமா காப்பிப் பழம் பறிக்கிறனுங்க. எம்பட பேரு இல்லீன்னா அப்ப நான் ஆருங்க?"

மேனேஜர் உள்ளேயிருந்து கத்தினார். "கம்ப்யூட்டரே இல்லைங்குது. அந்தம்மா ரீல் விடுதுய்யா!"

முதலில், பெயர் தேட உதவும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸ் மேல் சந்தேகப்பட்டேன். மலையில் கரண்ட் அடிக்கடி போகும், இண்டெக்ஸ் கெட்டிருக்கலாம். ரீஇண்டெக்ஸ் போட்டேன். அதே பதினேழு. பேக்கப் ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டினேன். அதே பதினேழு. உங்களுக்கு போன் செய்தேன்.

"டேட்டால பேர் இல்லைன்னா ஆளே இல்லய்யா. அந்தப் பொம்பள பொய் சொல்றா. மேனேஜர்கிட்ட அப்படியே சொல்லிட்டு பஸ் ஏறு" என்றீர்கள். நினைவிருக்கிறதா?

நான் ஏறவில்லை. குடையோடு வெளியே போனேன்.

"உங்க பேரு என்னங்கம்மா?"

"பொன்னம்மாங்க."

"கம்ப்யூட்டர்ல பேர் ஏத்தறப்ப என்ன சொன்னீங்க?"

"அதேதானுங்க. அந்த மெட்ராஸ்காரரு கேட்டாரு, பொன்னம்மாங்கன்னு சொன்னனுங்க. அவரும் டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டாருங்க."

உள்ளே ஓடினேன். அதுவரை ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லிஸ்ட் போட்டேன். திரையில் PONNAMMANGA. கொஞ்சம் மேலே CHINNATHAYINGA. இன்னும் மேலே KALIYANNANUNGA. நீங்கள் அனுப்பிய மெட்ராஸ் ஆபரேட்டர் 'ங்க' என்ற மரியாதையையும் பெயரோடு சேர்த்து அடித்திருந்தார். வெடுக்கென்று 'மாரியப்பன்' என்று சொன்னவர்களுக்கு வீடு இருந்தது. 'ங்க' போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். நானும் சேலத்துக்காரன், பிறந்தது முதல் அந்த 'ங்க'வோடுதான் பேசுகிறேன். அதனாலேயே அது என் காதில் தனியாக விழவில்லை.

உங்கள் ஸ்கிரிப்டிலும் ஓட்டை இருந்தது. பெயர்க் கட்டம் இருபத்தைந்து எழுத்து. PONNAMMA எட்டு எழுத்து. ஃபைலில் அதற்கடுத்து NGA இருக்க, மீதிப் பதினேழு வெற்றிடத்தையும் சேர்த்தே தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெயரின் வால் வெற்றிடத்தை வெட்ட ஒரு ட்ரிம் போட்டு, அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயரைத் தேட சீக் கொடுத்தேன். பதினேழு பேரும் வந்தார்கள். பிறகு ரைட்டரை உட்கார வைத்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு ஃபைலைத் திருத்தினேன்.

விஷயத்தைச் சொன்னதும் பொன்னம்மா சிரித்துவிட்டார். "அப்ப மருவாதியாப் பேசுனதுதான் தப்புங்களா? இனிமே மொட்டையா பொன்னம்மான்னே சொல்லட்டுங்களா?"

"நீங்க எப்பவும் போலச் சொல்லுங்கம்மா. தப்பு எங்களுதுங்க" என்றேன்.

மேனேஜர் வீட்டுச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மாள் நடந்து போனார்.

நான் கற்றது இதுதான். 'கிடைக்கவில்லை' என்று புரோகிராம் சொன்னால், அதற்குத் தேடத் தெரியவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். ஆளைச் சந்தேகிக்கும் முன் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

அந்த ஸ்கிரிப்டை டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட்டவன் நான். என் குற்றத்தை இங்கே ஒத்துக்கொண்டுவிட்டேன். இனி உங்கள் முறை, சார். அன்று பொய் சொன்னது பொன்னம்மாவா, உங்கள் புரோகிராமா? இதே இதழில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள்.