ஏ ஃபோர்ட்டிக்குப் பன்னிரண்டு தகரம்

போன ஏப்ரல் சீசனில் நான் வந்த பஸ் கினிகத்தேனையில் முக்கால் மணி நேரம் நின்றது. மண் சரியவில்லை, மரம் விழவில்லை. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் பழைய கார்கள் ஊர்வலமாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வழிவிடச் சொல்லி ஒரு பொலிஸ்காரர் எங்களைக் கடையோரமாக ஒதுக்கிவிட்டார். கடைசியாக வந்த வண்டிக்குக் கூரை பாதிதான் இருந்தது. இன்ஜின் மூடியில்லாமல் திறந்து கிடந்தது, இரண்டு பக்கமும் தீ எரிகிற மாதிரி வர்ணம். அது விட்டுப்போன பச்சைப் பெட்ரோல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"என்னா வண்டிங்க இது?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"ஹொட் ரொட்" என்றேன். சொல்லும்போதே வாய் கசந்தது. நானும் ஒன்று செய்தவன்தான்.

ஹொட் ரொட் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். எங்கேயோ துருப்பிடித்துக் கிடக்கும் பழைய காரின் உடம்பை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி வீசி, வேறொரு வண்டியின் பெரிய இன்ஜினை உள்ளே திணிக்க வேண்டும். குடும்பமே போன காரில் அதற்குப் பிறகு இரண்டு பேர்தான் போகலாம், அதுவும் குனிந்துகொண்டு. இதற்குக் கலை என்று பெயர்.

அந்த நாட்களில் தலவாக்கலைப் பக்கம் சுனில் பாஸின் கராஜில் நான் வெல்டிங் வேலை. பாஸ் சிங்களவர். மற்ற எல்லாவற்றையும் சிங்களத்தில் பேசிவிட்டு, ஏசுவதற்கு மட்டும் தமிழை எடுப்பார். அதில்தான் சூடு அதிகமாம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை ஒருநாள் ஒரு போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அமெரிக்காவில் யாரோ ஒருவர் இப்படியொரு வண்டியில் புகை கிளப்பிக்கொண்டிருந்தார். "இது மாதிரி ஒண்ணு செய்யணும்" என்றார். தேயிலைச் செடியை அந்தக் கண்ணால் அவர் பார்த்திருந்தால் தோட்டம் உருப்பட்டிருக்கும்.

உடம்பு அவருடைய தோட்டத்திலேயே கிடைத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு ஏ ஃபோர்ட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் கார், நின்றது. கொழுந்து எடுக்கும் செபமாலை அக்காவின் புருஷன் வாடகைக்கு ஓட்டிய கார். ராத்திரி பகல் பார்க்காமல் நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கிய வண்டி. அவர் செத்தபின் அக்கா அதில் விறகு அடுக்கியிருந்தார். லயத்துக் கூரை அவ்வளவு ஓட்டை. மழை நாளில் வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களைவிடக் காருக்குள் இருக்கும் விறகு நன்றாகக் காய்ந்திருக்கும்.

"காசெல்லாம் வேணாங்க" என்றார் அக்கா. "கூரைக்குப் பன்னெண்டு தகரம் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"பன்னெண்டு என்ன, இருவதே தாறேன்" என்றார் சின்னத்துரை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா" என்றேன். துரைமார் பேச்சை நம்புவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் வியாதி.

நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். துருவைச் சுரண்டினேன், பின்சீட்டைக் கழற்றி வெளியே எறிந்தேன், கூரையை வெட்டினேன். அந்த உழைப்பில் கால்வாசியைப் பழைய இன்ஜினில் போட்டிருந்தால் அது மறுபடி வாடகைக்கு ஓடியிருக்கும். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான். தாழ்த்திய கூரையில் சின்னத்துரைக்குத் தலை இடித்தது. குனிந்து ஓட்டுவதுதான் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டார். எனக்கோ என் வெல்டிங்கைத் தடவித் தடவிப் பார்க்கும் பெருமை.

கோயில் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கராஜுக்கு வந்து தகரத்தைப் பற்றிக் கேட்பார். கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று சின்னத்துரை சொல்லியனுப்புவார். நானும் அதையே கிளி மாதிரி ஒப்பிப்பேன்.

வண்டி சீசனுக்கு நுவரெலியாவுக்குப் புறப்படும் நாள் வந்தது. சின்னத்துரையின் தொப்பி போட்ட கூட்டாளிகள் நாலைந்து பேர் போனும் கையுமாக நின்றார்கள். அக்கா அன்று பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையில், குடையோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"ஏய், எறங்கு! இது வெளையாடுற சாமானா?"

"வெளையாடத்தானே தொர செஞ்சீங்க?"

கூட்டாளிகள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். சின்னத்துரையின் காது சிவந்தது. "நீ சொல்லு அவளுக்கு" என்று என்னிடம் பாய்ந்தார். சாவி என் கையில் இருந்தது. போய்ச் சாவியை அக்காவின் மடியில் வைத்தேன். "தகரம் வந்ததும் குடுங்கக்கா" என்றேன்.

சுனில் பாஸ் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். "எனக்கு கண்ணு தெரியாது" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். ஏசாமல் அவர் பேசிய ஒரே தமிழ் அதுதான்.

சின்னத்துரை போனை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் தோட்டத்து லொறி தகரத்தோடு வந்து நின்றது. நாலு மாதமாகக் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த தகரம், தோட்டத்துச் சாமான் அறையிலேயே கிடந்திருக்கிறது. அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பன்னிரண்டு. இருபது என்ற பேச்சை அவர் எடுக்கவேயில்லை. சாவியை என்னிடம் தந்துவிட்டு லொறியில் ஏறிப் போனார்.

அந்தப் புகழ்பெற்ற வண்டி நானுஓயா தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது. அழகுக்காக ரேடியேட்டரைச் சின்னதாக்கச் சொன்னவர் சின்னத்துரை. ஆக்கிக் கொடுத்தவன் நான். லீக்ஸ் மரக்கறி ஏற்ற வந்த லொறி ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போனதாம். மறுவாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது. "நிறுத்தியாச்சு" என்று சொல்லியனுப்பிவிட்டு, சுனில் பாஸ் என்னைக் கராஜின் பின்பக்கத்தில் வைத்து வேலை வாங்கினார்.

சின்னத்துரை பிறகு வெளிநாடு போய்விட்டார். கராஜ் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. நாடு நொடித்துப்போன காலத்தில் பழைய இரும்புக்கு விலை ஏற, லயங்களுக்குப் பின்னால் மிச்சமிருந்த ஏ ஃபோர்ட்டிகளும் துண்டு துண்டாக லொறி ஏறின. வாடகைக் கார் என்ற ஒன்றே மலையில் இல்லாமல் போயிற்று. போன வருஷம் செபமாலை அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ரோடு சரியில்லை என்று எந்த ஆட்டோவும் மேலே ஏறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

பார்க்கப் போனேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மேல ஏறுற வண்டிய நாமதானே தம்பி வெட்டிப்புட்டோம்" என்றார்.

நாம என்றுதான் சொன்னார். அவர் ஒரு வெட்டும் வெட்டவில்லை.