ஷேர் ஆட்டோவில் படித்த டேனிஷ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் நர்ஸ் வேலைக்குப் போக டேனிஷ் மொழித் தேர்வு எழுத வேண்டும். ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. மொத்தமே மூன்று வாய்ப்புகள்தான்.

டியூட்டி முடிந்து காலையில் எண்ணூரில் இருக்கும் வீட்டுக்குத் தினமும் போகும் அந்த ஒரே ஷேர் ஆட்டோதான் என் வகுப்பறை. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்துபோகும் நேரமெல்லாம், காதில் இயர்போனும் மடியில் நோட்டுமாக முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவளுக்கு வாக்கியங்களை இணைக்கிற சொற்களா பெரிய விஷயம் என்று நினைத்தேன். அவைதான் உயிரை வாங்கின. 'ஆனால்' என்பதற்கு 'மென்'. அதற்குப் பின்னால் வாக்கியம் ஒழுங்காகப் போகும். 'ஏனென்றால்' என்பதற்கு 'ஃபோர்டி'. அது வந்துவிட்டால் 'இல்லை' என்கிற சொல் இடம் மாறி வினைச்சொல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் மண்டையில் ஏறாது.

காசிமேட்டில் மீன் கூடையோடு ஏறும் ஓர் அக்கா தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவார். நாற்பது வயது இருக்கும். ஏறியதும் டிரைவரைப் பார்த்து ஏதோ சத்தம் போடுவார். சரியான சண்டைக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கூடைத் தண்ணீர் என் நோட்டில் கொட்டிவிட்டது. இரவெல்லாம் நின்ற எரிச்சல் வேறு. "நாத்தம் தாங்கல, வேற வண்டியில வரக்கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் முந்தானையால் நோட்டைத் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அன்றிலிருந்து ஆட்டோவில் ஒரே பாட்டு, காது கிழிகிற சத்தம். படிக்கவே முடியவில்லை. டிரைவரிடம் கேட்டேன்.

"முன்னயும் போடுவேன் சிஸ்டர். அந்த அக்காதான் ஏறுனதும், 'சிஸ்டர் படிச்சிகினு கீது, பாட்ட நிறுத்து நைனா'ன்னு பேஜாரு பண்ணும். இப்ப அது வேற வண்டியில போவுது."

எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பார்க்க முகமில்லாமல் நாட்களைத் தள்ளினேன். தேர்விலும் தோற்றேன். அதற்குப் பிறகுதான், அவர் மீன் விற்கும் எண்ணூர் மார்க்கெட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "பரீட்ச இன்னா ஆச்சு சிஸ்டர்?"

"ஊத்திக்கிச்சுக்கா."

கையிலிருந்த மீனை ஆய்ந்தபடியே சொன்னார்: "சரி வுடு. நாளைலேர்ந்து அந்த வண்டியிலயே வரேன். கூடைய பின்னால வெச்சுக்கறேன்."

அங்கேயே அழுதுவிட்டேன்.

மூன்றாவது முறை தேறிவிட்டேன். விசா இன்னும் வரவில்லை. அதே இரவு டியூட்டி, அதே ஆட்டோ. களைப்பில் யார் மீதாவது எரிந்து விழப் பார்க்கும்போதெல்லாம், விடிவதற்கு முன்பே எழுந்து மீன் எடுக்கப் போன அந்த அக்காவுக்கும் என் அளவுக்குக் களைப்பு இருந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொள்கிறேன்.