ஃப்ரிட்ஜ் கம்பெனி அக்கா

கதவு திறக்கும்வரை தான் யார் என்று அவர் முடிவு செய்வதில்லை. திறந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இன்சூரன்ஸா, தையல் வகுப்பா, தூரத்துச் சொந்தமா, கல்யாணத் தரகரா என்பதெல்லாம். உண்மையில் அவர் பெரிய ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. பிரிவில் களப்பணியாளர். மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவர்களை வீடு தேடிப் போய்த் திரும்ப அழைத்துவர வேண்டும். வந்த காரணம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாது. அதனால்தான் இத்தனை பொய். ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘விருந்தாளி’ என்றே பெயர்.

விருந்தாளிக்கு நாற்பத்தாறு வயது. பொய் சொல்லும்போது முகம் கல்லாக இருக்கும். தெருமுனை தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தரகராகப் போன ஒரு வீட்டில் மாமியார் விடாப்பிடியாகத் தன் கடைசிப் பெண்ணுக்கு வரன் கேட்க, வேறு வழியில்லாமல் அலைந்து தேடி, கல்யாணத்தையே முடித்துவைத்தார். "அந்தப் பொய்க்கு இப்ப ரெண்டு புள்ளைங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரையேறிவிட்டது.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் கூடப் போன அன்று தேடியது ஒரு லாரி டிரைவரை. நான்கு மாதமாக ஆளைக் காணோம், போனும் எடுப்பதில்லை. கதவைத் திறந்தது மனைவி. அவருக்கு விஷயம் எதுவும் தெரியாது. விருந்தாளி அன்று ஃப்ரிட்ஜ் கம்பெனி. கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். எங்க வீட்டில் ஃப்ரிட்ஜே இல்லையே என்றார் அந்தப் பெண்.

"அதாம்மா, ஏன் வாங்கலன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்."

நான் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெண் நம்பிவிட்டார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பால் எத்தனை மணிக்குத் திரிகிறது, கீரை எப்போது வாடுகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். விருந்தாளி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தில் டிரைவர் வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் தன் வீட்டு நாற்காலியில் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, வழி காட்டுவதாகச் சொல்லி பஸ் நிறுத்தம் வரை எங்களுடன் நடந்தார்.

லாரியில் மாத்திரை டப்பாவைக் கூட வரும் இன்னொரு டிரைவர் பார்த்துக் கேள்வி கேட்டாராம். உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று இவர் மாத்திரையை அப்படியே விட்டுவிட்டாராம். விருந்தாளி திட்டவில்லை.

"நான் பதினாலு வருஷமா முழுங்கறேன், தம்பி. என் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் இல்ல, என் பையனுக்கும் இல்ல. நீ நிறுத்தினா அது உன்னோட நிக்காது. உள்ள ஒருத்தி எனக்கு டீ போட்டுக் குடுத்தாளே, அவள நெனச்சுக்கோ."

டிரைவர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "உங்களுக்குமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அப்போதுதான் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள் என்று பிறகு விருந்தாளியே சொன்னார்.

எட்டாம் நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தார் டிரைவர். பெஞ்சின் இரண்டு கோடியில் இருவரும். மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைக் கண்டதும், "நீங்க ஃப்ரிட்ஜ் கம்பெனி அக்கா இல்ல?" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக விருந்தாளிக்குப் பொய் வரவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மனைவிக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் இன்றைக்கு இல்லை. அவர் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, காலையிலிருந்து முதல்முறையாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"மாத்திரைய என் கண்ணு முன்னாடி முழுங்கணும். சண்டைய வீட்ல போய் வச்சுக்கலாம்."

டிரைவர் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து மருந்து கொடுப்பவர் சிரித்தார், பின்னாலேயே வரிசையும் சிரித்தது, கடைசியில் அந்தப் பெண்ணுக்கே அடக்க முடியவில்லை.

விருந்தாளி நழுவி வாசலுக்கு வந்தார். அடுத்து போக வேண்டிய வீட்டில் எல்லோரும் படித்தவர்களாம். எதற்கும் இருக்கட்டும் என்று பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெறும் ஃப்ரேம்; கண்ணாடிச் சில்லு கிடையாது. ஆட்டோவுக்குக் கை காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே, ஃப்ரேமுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.