பிரகாஸின் தடம் இருந்த இடம்

ஜெசிதா குருநகரில் பிறந்தவள். தகப்பனும் தம்பி எமில்ராஜும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் கணினி படித்துக் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்வர் கணினிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தாள். தாய் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். தாயை அடக்கம் செய்த பிறகும் திரும்பிப் போகவில்லை.

அந்த நேரம் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு யாரோ ஒரு சேர்வரும், படகுகளில் பூட்டச் சிறு கருவிகளும் நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். படகு எங்கே நிற்கிறது என்பதைக் கருவி அடிக்கடி கரைக்கு அறிவிக்கும். ஆபத்தென்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமர்த்தவேண்டும். சேர்வர் அந்த அழைப்பை வாங்கி, கிட்ட நிற்கும் படகுகளுக்கு அனுப்பும். சங்கத் தலைவர் செபநாயகம் வீட்டுக்கு வந்து, இதை நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். ஜெசிதா சம்மதித்தாள்.

அந்த வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் சிசிலியா. சிசிலியாவின் கணவன் பிரகாஸ் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் கடைசியாகப் போன வழி மட்டும் சேர்வரில் இருந்தது. சந்தையில் மீன் விற்று முடித்த கையோடு, மீன் வாடை போகாத சேலையுடன் சிசிலியா வந்து நிற்பாள். ஜெசிதா அந்தத் தடத்தைத் திரையில் ஓடவிடுவாள். ஒரு சிறு புள்ளி இறங்குதுறையை விட்டு வெளிக்கிட்டு, தீவுகளைத் தாண்டிப் போய், ஓரிடத்தில் நின்றுவிடும். சிசிலியா அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இதைக் கடதாசியில் அடித்துத் தரட்டோ என்று ஜெசிதா ஒருமுறை கேட்டாள். "கடதாசியிலை அவர் ஓடமாட்டார், பிள்ளை" என்றாள் சிசிலியா.

அந்தக் கார்த்திகையில் கடலில் புயலாக வளரக்கூடிய ஒரு தாழமுக்கம் உருவானது. தெற்கே போய்விடும் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அதை நம்பிப் படகுகள் போயின. தகப்பன் கரையில் நிற்க, எமில்ராஜும் போனான். விடியும்போது அது வடக்கே திரும்பியிருந்தது. காற்று கூரைத் தகரங்களைக் கிளப்பத் தொடங்கியதும் ஊரே கைபேசியில் சங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து தங்கள் படகுகளைத் தேடியது. கனடாவிலும் பிரான்சிலும் இருந்த சொந்தங்களும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஜெசிதா சங்கத்துக்கு ஓடிவந்து பார்த்தபோது சேர்வரின் நினைவகம் நிரம்பி வழிந்தது. நினைவகம் தீர்ந்துபோனால் அந்த இயந்திரம் மிகவும் ஊதிப்போன நிரலைத் தேடிப் பிடித்து நிறுத்திவிடும். அன்றைக்கு அப்படி ஊதிப்போயிருந்தது கடலிலிருந்து அழைப்புகளை வாங்கும் நிரல்தான். அவள் அதை மறுபடி ஓடவிட்டாள். தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒரேயடியாக உள்ளே பாய, அது வீங்கி மறுபடி விழுந்தது. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தை மூடினாள். அப்போதும் விழுந்தது. திரையில் படகுகளைக் காணாத சனம் மழையில் நனைந்தபடி சங்க வாசலுக்கே வந்துவிட்டது.

இப்படியான நேரத்துக்கென்று வன்தட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது வழக்கம். நினைவகம் நிரம்பினால் இயந்திரம் உடனே தேவைப்படாதவற்றை அங்கே இறக்கி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். வேலை மெல்லத்தான் நடக்கும், ஆனால் நின்றுபோகாது. சுவாப் என்று சொல்வது அதைத்தான். அந்தச் சேர்வரைப் பூட்டிக் கொடுத்தவர்கள் அப்படி ஒன்றை வைக்கவேயில்லை. இப்போது உண்டாக்கலாமென்றால் வன்தட்டிலும் இடமில்லை. பழைய தடங்கள் எல்லாம் ஒரே பெரிய கோப்பாகக் கட்டப்பட்டு இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன.

"என்ன பிள்ளை, இன்னும் எழும்பேல்லையோ?" என்று செபநாயகம் கேட்டார்.

"இடம் காணாது அங்கிள். பழைய தடங்களை அழிச்சால்தான் இடம் வரும்."

"அப்ப அழியன்."

"பிரகாஸ் அண்ணையின்ரையும் உதுக்குள்ளைதான் கிடக்கு."

செபநாயகம் யன்னலுக்குப் போய் வாசலில் நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோப்பை வேறெங்காவது பிரதி எடுக்க அவள் படாத பாடுபட்டாள். அங்கிருந்த பென் டிரைவ் எதிலும் அது கொள்ளவில்லை. அவ்வளவு பெரியதை வெளியே அனுப்ப இணைய இணைப்புக்கு வேகமில்லை. பிரகாஸின் தடத்தை மட்டும் பிரித்தெடுக்கலாமென்றால், கட்டிய கோப்பை அவிழ்க்க நினைவகம் வேண்டும், இல்லாததே அதுதான். இந்தமுறை நிற்கும், இந்தமுறை நிற்கும் என்று நிரலை எழுப்பி எழுப்பி விட்டாள். அது விழுந்துகொண்டேயிருந்தது. காலைப்பொழுது இப்படியே போனது.

மத்தியானம், நிரல் சற்றுநேரம் உயிரோடிருந்த ஓர் இடைவெளியில், எமில்ராஜின் புள்ளி எங்கே என்று பார்த்தாள். அனலைதீவுக்கு மேற்கே அது அசையாமல் நின்றது. பிறகு நிரல் மறுபடி விழுந்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. அழிக்கும் கட்டளையை அடித்தாள். பல வருடத்துத் தடங்கள் ஒரு மூச்சில் போயின. கிடைத்த இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கினாள். வேறு யாரும் தொடாதபடி அதைப் பூட்டி, சுவாப்பாக அமைத்து, இயங்கவிட்டாள். மின்சாரம் போய் இயந்திரம் மறுபடி எழுந்தாலும் அது கூடவே எழும்ப, தொடக்க அமைப்பில் அதற்கொரு வரியும் சேர்த்தாள். அவசரத்தில் அந்த வரியைப் பிழையாக அடித்துத் திருத்தினாள். பிறகு நிரலை எழுப்பினாள்.

அது வீங்கியது. நினைவகம் நிரம்பியது. மிஞ்சியது சுவாப்புக்குள் இறங்கத் தொடங்கியது. சேர்வர் நோயாளி நடப்பதுபோல் இழுத்து இழுத்து நடந்தது. ஆனால் விழவில்லை. தேங்கியிருந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலில் வந்தது அதே ஊர்ப் படகுக்காரன் கிறிஸ்ரியின் அழைப்பு. அவன் பொத்தானை அமர்த்தியது காலையில். எமில்ராஜின் அழைப்பு வெகுநேரம் பிந்திய ஒன்று. இரண்டும் கிட்ட நின்ற படகுகளுக்குப் போயின.

பொழுதுபடும்போது படகுகள் வரத் தொடங்கின. எமில்ராஜ் தோள் மூட்டு விலகி, வேறொருவரின் படகில் படுத்தபடி வந்து சேர்ந்தான். கிறிஸ்ரியைத் தேடிப் போனவர்கள் அந்த இடத்தில் மிதந்த ஒரு பிளாஸ்டிக் எண்ணெய்க் கானை மட்டும் கொண்டுவந்தார்கள். கிறிஸ்ரியும் அவனோடு போன மச்சானும் திரும்பவில்லை.

மறுநாள் சிசிலியா வந்தாள். அவள் கதிரையில் இருக்கமுன்பே ஜெசிதா சொல்லிவிட்டாள்.

"அக்கா, அண்ணையின்ரை தடம் இப்ப இல்லை. நான்தான் அழிச்சனான்."

சிசிலியா நனைந்த குடையை மடித்துக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எப்ப?"

"நேற்று மத்தியானம். எமிலின்ரை புள்ளி நிண்டதைக் கண்ட பிறகு."

"கிறிஸ்ரி எப்ப அமத்தினவன்?"

"காலமை."

சிசிலியா அவளையே பார்த்தாள். "ஏன் பிள்ளை வெள்ளென அழிக்கேல்லை?"

உங்களை நினைச்சுத்தான் அக்கா என்ற சொல் ஜெசிதாவின் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் கிறிஸ்ரியின் சாவில் பாதியைத் தூக்கி இந்த மனுசியின் தலையில் வைத்ததாகிவிடும். சொல்லாததும் சிசிலியாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். அவள் முகம் ஒருமுறை கோணி, நேராகியது.

"அவர் செத்துப்போனவர்" என்றாள். அப்படி அவள் சொல்லி ஜெசிதா ஒருநாளும் கேட்டதில்லை. "கிறிஸ்ரியின்ரை மனுசியோடை இப்ப ஆர் நிக்கினம்?"

தெரியாது என்றாள் ஜெசிதா. சிசிலியா குடையை விரித்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கமாக நடந்தாள்.

அதன்பிறகு அவள் சங்கத்துக்கு வருவதில்லை. தெருவில் கண்டால் இருவரும் மழையைப் பற்றியோ அன்றைக்கு வலையில் பட்ட மீனைப் பற்றியோ கதைப்பார்கள். ஜெசிதா வேலையை விடப் பார்த்தாள். செபநாயகம் கெஞ்சாத குறையாகச் சொன்னதால் இருக்கிறாள்.

எமில்ராஜுக்குத் தோள் சரிவந்துவிட்டது, மறுபடி கடலுக்குப் போகிறான். மத்தியானம்வரை என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காதான் தன்னைக் கடலிலிருந்து இழுத்தெடுத்தவள் என்று கரையில் காண்கிற ஆளுக்கெல்லாம் சொல்வான். வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது அவன் அந்தக் கதையைத் தொடங்கினால், ஜெசிதா தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். அவன் சொல்லி முடிக்கும்வரை வெளியே வரமாட்டாள்.